விவாகரத்தான ஆசிரியை வகுப்புக்குத் திரும்பியதும், நாங்கள் கோடிட்டு அடித்த ஒன்பதாம் விதியும்

அனுப்புநர்:
கணித ஆசிரியை (மேல்நிலை வகுப்புகள்),
திருச்சபைப் பெண்கள் பள்ளி,
பேருந்துப் பணிமனை எதிரில்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: எங்கள் பள்ளியின் அங்கீகாரத்தை நிறுத்தி வைத்த ஆணையை விலக்கிக்கொள்ளவும், வரைவு விதித்தொகுப்பிலிருந்து "சாட்சியுள்ள இல்லறம்" என்னும் விதியை நீக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற கல்வியாண்டில் நான் அளித்த புகார். 2. அதன்பேரில் தங்கள் துறை எங்கள் பள்ளிக்கு அனுப்பிய ஆணை. 3. மத நிர்வாகப் பள்ளிகளுக்கான வரைவு விதித்தொகுப்பு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தங்கள் அலுவலகத்துக்கு நான் புதியவள் அல்ல. சென்ற ஆண்டு என்னிடமிருந்து வந்த புகார் தங்கள் கோப்பில் இருக்கும். அதை எழுதியபோது நான் மிகுந்த கோபத்தில் இருந்தேன். எழுத்துப் பிழைகளும் மலிந்திருந்தன. இப்போது கோபம் இல்லை. பிழைகளை எங்கள் தமிழாசிரியை திருத்திக் கொடுத்துவிட்டார். அந்தப் புகாரில் நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. வென்றவள் மறுபடியும் மனு எழுதுவது வழக்கமில்லைதான். ஆயினும் எழுதவேண்டியதாகிவிட்டது. ஏன் என்பதை நடந்தவற்றை நடந்தபடியே சொன்னால்தான் விளக்க முடியும் என்பதால், சற்று நீளமான இம்மனுவைப் பொறுமையுடன் படித்தருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. நான் இதே பள்ளியில் படித்து, இதே பள்ளியில் ஆசிரியையானவள். விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவள். இன்றும் ஞாயிறுதோறும் என் தாயாருடன் ஆலயத்துக்குச் செல்கிறவள். என் முன்னாள் கணவர் எங்கள் ஆலயத்தின் பாடகர் குழுத் தலைவர். அவர் கையசைத்தால் குழு முழுவதும் ஒரே குரலாக எழும். கேட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு. அதே கை வீட்டில் வேறு விதமாக அசையும் என்பதற்கு மேல் இங்கு விரித்து எழுத விரும்பவில்லை. நீதிமன்றத்தில் விரித்துச் சொல்லியாயிற்று.

3. ஒருமுறை என் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு இடக்கையால் கரும்பலகையில் எழுதினேன். எழுத்துகள் குடித்தவை போலச் சாய்ந்து நின்றன. மாணவிகள் கேட்டபோது, குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். அதற்கு முந்தைய பருவத்தில் கன்னத்தில் வீக்கத்தோடு வந்தபோதும் அதே குளியலறையைத்தான் சொல்லியிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று, சிரிக்காமல், "டீச்சர், முதல்ல அந்தக் குளியலறையை இடிச்சிடுங்க" என்றாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும் என்று. அன்று மாலை நான் வீட்டுக்குப் போகவில்லை. என் தாயாரின் வீட்டுக்குப் போனேன். பிறகு முறைப்படி வழக்குத் தொடுத்து மணமுறிவு பெற்றேன்.

4. தங்கள் துறையின் புதிய கல்விக் கொள்கை, மத நிர்வாகப் பள்ளிகள் தத்தம் நெறிகளுக்கேற்ப ஆசிரியர் நன்னடத்தை விதிகளை வகுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்ததைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் நிர்வாகக் குழு வகுத்த விதிகளில் ஒன்பதாவது, "ஆசிரியர்கள் சாட்சியுள்ள இல்லறம் நடத்துகிறவர்களாக இருத்தல் வேண்டும்" என்பதாகும். சாட்சியுள்ள என்றால், பிறர் பார்த்துப் பின்பற்றத்தக்க என்று பொருள். நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுவாரமே என்னைத் தலைமையாசிரியை அம்மா தம் அறைக்கு அழைத்தார். மேசைமேல் எனக்கென்று வரவழைத்த தேநீர் ஆடை படர்ந்து ஆறிக் கிடந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "கையெழுத்து போட்டு வாங்கிக்கம்மா. மனசுல எதுவும் வெச்சுக்காத" என்றார். ஒன்பதாம் விதியின்படி நான் பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தேன். மாறிவரும் சமுதாயத்தில் மாணவிகளுக்கு உறுதியான முன்மாதிரிகள் தேவை என்று காரணம் எழுதியிருந்தது.

5. என் தாயார் தொடக்கத்தில் என் பக்கம் நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் குறிப்பிடுகிறேன். "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே" என்பதே அவரது பல்லவியாக இருந்தது. அவருக்கும் நான் குளியலறைக் கதையைத்தான் சொல்லி வைத்திருந்தேன்; நீதிமன்றத்துக்கும் அவரை அழைத்துப்போகவில்லை. ஒரு நாள் துவைத்த போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். அவர் முனை முறுகியது; என் முனை முறுகவில்லை. மணிக்கட்டு பாதிக்கு மேல் திரும்பாது. அவர் போர்வையை அப்படியே தரையில் விட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, பள்ளியின் தாளாளரும் எங்கள் ஆலயத்தின் போதகருமான ஐயாவின் வீட்டுக்கு நேரே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்றபடியே அவர் கேட்டது இது: "ஐயா, எம் பொண்ணு சாட்சியுள்ளவ இல்லைன்னு அனுப்பிட்டீங்க. அவ கையை உடைச்சவரு இன்னும் முன்னால நின்னு பாட்டு நடத்துறாரே, அவரு எதுக்குச் சாட்சி?" பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி நடந்தார்.

6. அதன் பிறகே நான் தங்களுக்குப் புகார் எழுதினேன். தங்கள் துறை விரைந்து செயல்பட்டது; அதற்கு நன்றி. ஆனால் செயல்பட்ட விதம் எங்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது. என்னை மீண்டும் பணியில் அமர்த்தும்படி ஆணையிடாமல், பள்ளியின் அங்கீகாரத்தையே நிறுத்தி வைத்தீர்கள். புதிய சேர்க்கை கூடாது என்றீர்கள். முதல் வகுப்பில் சேர்க்க வந்த பெற்றோர் வாயிற்கதவில் இருந்த அறிவிப்பைப் படித்துவிட்டுக் குழந்தைகளோடு திரும்பினர். அரசாங்கத்தைச் சபைக்குள் கூட்டிவந்தவள் என்று என்னைச் சொன்னார்கள். ஆலயத்தில் என் பெஞ்சில் என் தாயாரைத் தவிர யாரும் உட்காரவில்லை. கால் நீட்டி உட்கார வசதியாகத்தான் இருந்தது. ஆனால் மனது அதை வசதி என்று ஏற்கவில்லை.

7. இதற்கிடையில் இறுதித் தேர்வு எழுதவேண்டிய மாணவிகளுக்குக் கணக்கு நடத்த ஆள் இல்லை. விளையாட்டு ஆசிரியையை அனுப்பினார்கள். அவர் நல்லவர், ஆனால் வகையீட்டுக் கணக்கைக் கண்டு நடுங்கினார். மாணவிகள் என்னைத் தேடி வந்தார்கள். பணிநீக்கம் செய்யப்பட்டவரிடம் பாடம் கேட்கக் கூடாது என்று பள்ளியில் அறிவித்தார்கள். அப்போது ஒரு தகப்பனார் வந்தார். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் லாரி ஓட்டுநர் அவர். குளியலறையை இடிக்கச் சொன்ன பெண்ணின் அப்பா. "நான் சாமி கும்பிடுற ஆள் இல்லீங்க. ஆனா இங்க படிச்ச பிள்ளைங்க பொய் சொல்லாதுன்னு சொன்னாங்க, அதான் சேர்த்தேன். இப்ப உண்மையைச் சொன்னவங்களை வெளிய அனுப்பிட்டாங்க. வண்டியில வந்து பாடம் நடத்துறீங்களா?" என்று கேட்டார்.

8. அவ்வாறே நடத்தினேன். பள்ளி விட்டதும், வாயிலுக்கு எதிரே, பொதுச் சாலையோரம் லாரி வந்து நிற்கும். பின்கதவைத் திறந்து, உள்சுவரில் கரும்பலகையைக் கட்டி, பலகைப் பெட்டிகளைப் பெஞ்சுகளாகப் போட்டோம். அட்டைப்பெட்டி வாசனையும் டீசல் வாசனையும் கலந்த அந்தக் கூண்டுக்குள் மேல்நிலை வகுப்பு முழுவதும் ஏறி உட்கார்ந்தது. கனரக வண்டி கடந்து போகும்போதெல்லாம் எங்கள் வகுப்பும் ஆடும். என் நேர்கோடு அலைக்கோடாகும். மாணவிகள், "டீச்சர், சைன் வளைவு வந்துடுச்சு" என்று கூவுவார்கள். முதல் நாள் வகுப்பு மாணவிகள் மட்டும் வந்தனர். பிறகு தாய்மார் சிலர் கையில் காய்கறிப் பையோடு நின்று கேட்டனர். விளையாட்டு ஆசிரியையும் ஒரு நாள் வந்து கடைசிப் பெட்டியில் அமர்ந்து குறிப்பெடுத்தார். தலைமையாசிரியை அம்மாவின் ஜன்னல் சாலையைப் பார்த்தது. தொடக்கத்தில் அது சாத்தியே இருந்தது. சில வாரங்களில் திறந்திருந்தது.

9. பெற்றோர் பலர் கையெழுத்திட்டுக் கேட்டதன்பேரில் நிர்வாகக் குழு பொதுக்கூட்டம் கூட்டியது. பள்ளி ஜெபக் கூடத்தில் இடம் போதாமல் மாணவிகள் வராந்தாவில் நின்றனர். போதகர் ஐயா தலைமை வகித்தார். அவரது கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் மனதாரப் பேசினார். "எல்லாமே மாறுது. குடும்பம் உடையுது, வாக்கு உடையுது. பள்ளிக்கூடமும் வளைஞ்சு கொடுத்துட்டா, பிள்ளைங்க எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க?" என்று கேட்டார். பாடகர் குழுத் தலைவர் முன்வரிசையிலிருந்து எழுந்து, தம் புகழ்பெற்ற குரலில், "நான் அவளை மன்னித்துவிட்டேன்" என்றார். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் அதைப் பாராட்டு என்று எண்ணிக்கொண்டார் போலும், தலையசைத்து அமர்ந்தார்.

10. என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். "பிள்ளைங்க பிடிச்சுக்கிட்டு நிக்க ஏதாவது வேணும்னு நானும்தான் சொல்றேன், ஐயா. வருஷக்கணக்கா குளியலறையில விழுந்தேன்னு வகுப்புல நின்னு பொய் சொன்னேன். அப்ப நான் சாட்சியுள்ளவ. கோர்ட்டுல உண்மையைச் சொல்லித் தீர்ப்பு வாங்கின மறுவாரமே சாட்சியில்லாதவ ஆயிட்டேன். இந்தக் கணக்கு எனக்கு வரலை. நான் விசுவாசத்தை விட்டு வரலை. ஒரு வீட்டை விட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னேன். உட்கார்ந்தபோது என் தாயார் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

11. அடுத்து எழுந்தவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஆலயத்துப் பெண்கள் சங்கமான மாதர் ஐக்கியத்தின் தலைவி அவர். எங்கள் மாணவிகள் அனைவருக்கும் சீருடை தைப்பவர். ஊரே தையலக்கா என்றுதான் அழைக்கும். கணவரை இழந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவரது குடும்பத்தைச் சாட்சியுள்ள குடும்பம் என்று பிரசங்கத்திலேயே எடுத்துக்காட்டியதுண்டு. அவர் சொன்னார்: "அவரு போய்ச் சேர்ந்துட்டாரு, அவரைப் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்ல. ஆனா கொளுத்துற வெயில்லயும் முழுக்கை வெச்சு, கழுத்தை மூடித் தைச்சுப் போட்டுக்கிட்டேனே, ஃபேஷன்னா நெனச்சீங்க? ஒருத்தரும் கேட்கல. கேட்டிருந்தா நானும் குளியலறைன்னுதான் சொல்லியிருப்பேன். எனக்குக் கதவு திறக்கத் தெரியல. இந்தப் பொண்ணு திறந்துட்டா. அதைப் போய் இழுத்துச் சாத்தாதீங்க." இதைச் சொல்லி முடித்து அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். அவர் பக்கத்தில் இன்னொரு பெண் எழுந்து நின்றார். அதற்குப் பின்னால் இன்னொருவர். அவர்கள் ஒன்றும் பேசவில்லை, அம்மையீர். நின்றார்கள், அவ்வளவுதான். யார் யார் என்று இந்த மனுவில் எழுதமாட்டேன். கூடம் முழுவதும் பார்த்தது.

12. அப்போது தலைமையாசிரியை அம்மா மேடையிலிருந்து எழுந்தார். "அந்த உத்தரவுல இருக்கிறது என் கையெழுத்து. போடச் சொன்னாங்க, போட்டேன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். பேனா என் கையிலதான் இருந்துச்சு. இன்னைக்கு அதைத் திரும்ப எடுத்துக்கிறேன். விதி இடம் கொடுக்கலைன்னா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க, வண்டியில இன்னொரு பெட்டி போட இடம் இருக்கும்" என்றார். வராந்தாவில் மாணவிகள் கைதட்டினார்கள். ஜெபக் கூடத்தில் கைதட்டும் வழக்கம் எங்கள் பள்ளியில் இல்லை. அன்று யாரும் அவர்களை அடக்கவில்லை.

13. போதகர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு, ஒன்பதாம் விதியை நீக்க ஒப்புக்கொள்கிறவர்கள் கை உயர்த்தலாம் என்று அறிவித்து, முதலில் தம் கையை உயர்த்தினார். தலைவர் வாக்களிக்க வேண்டியதில்லை என்று செயலாளர் காதருகே குனிந்து நினைவூட்டினார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு ஐயா கையை இறக்காமல் நின்றார். அந்தக் கூடத்தில் அதுவரை எதற்குமே கை தூக்கியிராத பெண்கள் தூக்கினார்கள். என் மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது என்றாலும் மேலே உயரும், நானும் தூக்கினேன். எண்ணிப் பார்க்க அவசியம் இல்லாமல் போயிற்று. ஐயா அங்கேயே விதிப்பிரதியை வாங்கி ஒன்பதாம் விதியின் குறுக்கே கோடு போட்டார். பாடகர் குழுப் பொறுப்பிலிருந்து ஒருவரை விடுவிப்பதாகவும் அறிவித்தார். அவர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார். அடுத்த ஞாயிறு குழு தலைவரின்றிப் பாடியது. ஆண்குரல் ஒரு பக்கமும் பெண்குரல் ஒரு பக்கமும் போயின. கடைசி அடியில்தான் சந்தித்துக்கொண்டன. இத்தனை நல்ல பாட்டை வாழ்நாளில் கேட்டதில்லை என்றார் என் தாயார். எங்கள் பெஞ்சில் அன்று நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தது.

14. பொதுக்கூட்டத்தின் மறுநாளே நான் வகுப்புக்குத் திரும்பியிருந்தேன். விளையாட்டு ஆசிரியை சுண்ணக்கட்டியை என் கையில் ஒப்படைத்துவிட்டு, தண்டனை முடிந்தவர் போல மைதானத்துக்கு ஓடினார். மாணவிகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். உட்காரச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். இறுதித் தேர்வில் அந்த வகுப்பில் ஒருவர்கூடக் கணக்கில் தோற்கவில்லை. லாரி ஓட்டுநரின் மகள் பள்ளியிலேயே முதலாவதாக வந்து, கட்டடப் பொறியியல் படிக்கச் சேர்ந்திருக்கிறாள். இடிப்பதற்கா கட்டுவதற்கா என்று கேட்டேன். இரண்டும் பாடத்தில் உண்டாம்.

15. இனி என் புகார். முதலாவது, ஒன்பதாம் விதிக்காக எங்கள் பள்ளி மீது தாங்கள் எடுத்த நடவடிக்கை இன்னும் விலக்கப்படவில்லை. தவறு செய்தவர்கள் தாங்களே எழுந்து நின்று அதைத் திருத்திக்கொண்ட பின்னும், வாயிற்கதவில் தங்கள் அறிவிப்பு தொங்குகிறது. இரண்டாவது இன்னும் வியப்பானது. தங்கள் துறை சென்ற மாதம் வெளியிட்ட வரைவு விதித்தொகுப்பின் பின்னிணைப்பில், எல்லா மத நிர்வாகப் பள்ளிகளும் பின்பற்றத்தக்க மாதிரி விதிகள் என்று சில தரப்பட்டுள்ளன. அவற்றில் எங்கள் பழைய ஒன்பதாம் விதி சொல் மாறாமல் இடம்பெற்றிருக்கிறது. எங்கள் எழுத்தர் அன்று "இல்லறம்" என்பதை "இல்லரம்" என்று தட்டச்சு செய்திருந்தார். அந்தப் பிழையும் பத்திரமாகத் தங்கள் பின்னிணைப்பில் வந்து சேர்ந்திருக்கிறது. எந்த விதிக்காக ஒரு பள்ளியைத் தண்டித்தீர்களோ அதே விதியை மற்ற பள்ளிகளுக்கு மாதிரி என்று காட்டுவது, துறையின் இரண்டு மேசைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதையே காட்டுகிறது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

16. இதை வெறும் எழுத்து வேலைப் பிசகு என்று தள்ளிவிட முடியாது. வரைவு இன்னும் சட்டமாகவில்லை என்றாலும், அதைக் காட்டி வேறொரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் ஒருவரை நீக்கியிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு கணவர் வீட்டை விட்டு வந்தவர் அவர். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், நான் திரும்பிப் போயிடவா?" என்று கேட்டார். போகாதே என்றேன். இப்போது அவரும் குழந்தையும் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள். குழந்தைக்கு என் தாயாரின் கண்ணாடியைப் பிடுங்குவதே முழுநேர வேலை. அவரை நான் தடுத்தது சரிதான் என்பதைத் தங்கள் கையொப்பம்தான் உறுதி செய்ய வேண்டும்.

17. ஆகவே பின்வருவனவற்றைக் கோருகிறேன். எங்கள் பள்ளியின் அங்கீகாரத்தை உடனே திரும்ப வழங்கி, முதல் வகுப்புச் சேர்க்கையைத் திறக்க வேண்டும். வரைவிலிருந்து அந்த விதியை, பிழையோடும் பொருளோடும், நீக்க வேண்டும். வன்முறைக்குத் தப்பி வீட்டை விட்டு வந்த காரணத்துக்காக எந்தப் பள்ளியும் யாரையும் பணிநீக்கம் செய்யலாகாது என்று அதே இடத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஆய்வக உதவியாளரை மீண்டும் பணியில் அமர்த்த ஆணையிட வேண்டும். இவை போதும். கிறிஸ்தவப் பள்ளிகள் தங்கள் நெறியைக் கற்பிக்கும் உரிமையைப் பறிக்க வேண்டும் என்று சிலர் என் பெயரைச் சொல்லிப் பேசிவருவதாக அறிகிறேன். அது என் கோரிக்கை அல்ல. அந்த நெறி எங்கள் ஜெபக் கூடத்தில் எழுந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தவள். பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். தொடர்ந்து பார்க்கட்டும்.

18. இம்மனுவில் என்னோடு போதகர் ஐயா, தலைமையாசிரியை அம்மா, மாதர் ஐக்கியத் தலைவி, பெற்றோர்கள் ஆகியோர் கையொப்பமிட்டுள்ளனர். என் தாயாரும் இட்டிருக்கிறார். எல்லோருக்கும் மேலே, சற்றுப் பெரிதாக. பொதுக்கூட்டத் தீர்மானத்தின் நகலையும், வரைவின் அந்தப் பக்கத்தையும் இணைத்துள்ளேன். பதிலைப் பள்ளி முகவரிக்கே அனுப்பலாம். தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பதாயின், தயவுசெய்து மாலையில் அழைக்கவும். பகலில் நான் எடுக்க இயலாது; பாடம் நடத்திக்கொண்டிருப்பேன்.

இடம்: ஆசிரியைகள் அறை, முதல் மாடி.
நாள்: புதிய கல்வியாண்டின் முதல் திங்கட்கிழமை.

தங்கள் நல்லாணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கணித ஆசிரியை, பணியில் உள்ளவர்.